சாவி போட்டால் விளக்கு எரிகிறது, வண்டி மட்டும் எழவில்லை

வாசகர் கேள்வி பதில்: டீசல் வண்டிகளும் ஹீட்டர் பிளக்கும்

காலையில் டீசல் வண்டி எழ மறுப்பதைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அநேகமாக எல்லாமே ஹீட்டர் பிளக்கில், அதாவது க்ளோ பிளக்கில் வந்து நிற்பதால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே: பழைய டீசல் கார். காலையில் செல்ஃப் நீளமாக அடித்தால்தான் எழுகிறது. எழும்போது வெள்ளைப் புகை, கண் எரிகிறது. ஒரு நிமிடம் இன்ஜின் ஆடுகிறது, அப்புறம் சரியாகிவிடுகிறது. பகலில் ஒரு தொந்தரவும் இல்லை. டேஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைகிறது. மெக்கானிக் நான்கு பிளக்கையும் மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

ப: சோதித்துவிட்டு மாற்றுங்கள். நீங்கள் சொல்வது ஹீட்டர் பிளக் கோளாறுக்கு அச்சு அசலான அறிகுறிதான், ஆனால் அது பிளக்கிலேதான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பேட்டரியில் தொடங்கி பிளக்கின் நுனி வரை போகும் பாதையில் எங்கே கரன்ட் நின்றாலும் இதே அறிகுறிதான் வரும்.

டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்தும்போது உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. இன்ஜின் சில்லென்று இருக்கும்போது அந்தச் சூட்டைச் சிலிண்டர் சுவரும் ஹெட்டும் உறிஞ்சிவிடும், அந்தக் குறையை ஈடுகட்டத்தான் பிளக்கின் நுனி 850 டிகிரி செல்சியஸுக்கு மேல் பழுக்கிறது. ஒரு பிளக் செத்தால் அந்தச் சிலிண்டரில் டீசல் எரியாமல் அப்படியே புகையாக வெளியே வரும். கண்ணை எரிப்பது அதுதான். ஒரு நிமிடத்தில் அந்தச் சிலிண்டரும் சூடாகிச் சேர்ந்துகொள்ளும், ஆட்டம் நின்றுவிடும். பகலில் இன்ஜின் சூடாகவே இருப்பதால் பிளக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தெரியாது.

அந்த விளக்கை மட்டும் நம்பாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அது டைமரோ இசியுவோ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) சொல்கிற நேரத்துக்கு எரிந்து அணைகிறது, அவ்வளவுதான். பிளக்குக்குக் கரன்ட் போனதா என்று அதற்குத் தெரியாது. நான்கு பிளக்கும் செத்துக் கிடந்தாலும் அழகாக எரிந்து அணையும். அதேபோல விளக்கு அணைந்ததும் பிளக் நின்றுவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். பல வண்டிகளில் இன்ஜின் எழுந்த பிறகும் புகையையும் சத்தத்தையும் குறைக்க 3 நிமிடம் வரைகூடப் பிளக்குக்குக் கரன்ட் போய்க்கொண்டிருக்கும்.

பாதை இதுதான்: பேட்டரி பாசிட்டிவ், ஒரு பெரிய ஃபியூஸ், ரிலே (சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்), அங்கிருந்து தடித்த ஒயர், பிளக்குகளின் தலையை ஒன்றோடொன்று இணைக்கும் உலோகப் பட்டை, பிளக், கடைசியாக இன்ஜின் பாடி வழியாக எர்த். இதில் எந்த இடத்தில் கரன்ட் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் செலவு பாதியாகக் குறையும். எப்படிப் பார்ப்பது என்பது அடுத்த இரண்டு பதில்களில் இருக்கிறது.

கே: நான்கில் எது செத்த பிளக் என்று கழற்றாமலே கண்டுபிடிக்க முடியுமா? என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது, டெஸ்ட் லேம்ப்பும் இருக்கிறது.

ப: முடியும், இரண்டும் போதும். முதலில் அந்த இணைப்புப் பட்டையைக் கழற்ற வேண்டும், இதைப் பலர் செய்வதில்லை. பட்டை இருக்கும்வரை நான்கு பிளக்கும் பேரலலாக இணைந்தே இருக்கும், நீங்கள் ஒன்றில் முள்ளை வைத்தால் நல்ல பிளக்கின் வழியாக மீட்டர் கணக்குக் காட்டி உங்களை ஏமாற்றிவிடும்.

பட்டை கழன்றதும் மீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். மீட்டர் ஒயருக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும், அதை நினைவில் வைத்துப் பின்னால் கழித்துக்கொள்ளுங்கள். இப்போது ஒரு முனை பிளக்கின் தலையில், இன்னொன்று இன்ஜினின் சுத்தமான உலோகத்தில். குளிர்ந்த நல்ல 12 வோல்ட் பிளக் பெரும்பாலும் 0.5 முதல் 1.5 ஓமுக்குள் இருக்கும். எண்ணைவிட முக்கியம், நான்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறதா என்பது. மீட்டர் எண்ணே காட்டாவிட்டால் உள்ளே கம்பிச்சுருள் அறுந்துவிட்டது, அந்தப் பிளக் முடிந்தது.

டெஸ்ட் லேம்ப் என்றால் அதன் கிளிப்பை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, முள்ளைப் பிளக்கின் தலையில் வையுங்கள். எரிந்தால் சுருள் அறவில்லை. பல்ப் போட்ட லேம்ப்பாக இருக்கட்டும். எல்இடி டெஸ்டர் இந்த வேலைக்கு ஆகாது, அது இழுக்கும் கரன்ட் மிகக் குறைவு என்பதால் துருப்பிடித்த இணைப்பின் வழியாகவும் பளிச்சென்று எரிந்துவிடும்.

ஆனால் இரண்டு சோதனையுமே சுருள் அறுந்ததா இல்லையா என்றுதான் உறுதியாகச் சொல்லும். அறவில்லை, ஆனால் சூடேறும் திறன் குறைந்துவிட்டது என்கிற பிளக் இவற்றில் தப்பிவிடும். அதைப் பிடிக்க டிசி ஆம்பியர் அளக்கும் க்ளாம்ப் மீட்டர் வேண்டும் (வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் ஏசி க்ளாம்ப் இங்கே வேலை செய்யாது). பிளக் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட ஒரு ஒயர் வழியாக பேட்டரியிலிருந்து கரன்ட் கொடுத்துப் பாருங்கள். 12 வோல்ட் பிளக்காக இருந்தால் மட்டும் இதைச் செய்ய வேண்டும், ஏன் என்று கீழே சொல்கிறேன். நல்ல பிளக் தொட்டவுடன் 20 ஆம்பியரை ஒட்டியோ கொஞ்சம் மேலேயோ இழுத்து, சில வினாடிகளில் 10 ஆம்பியர் பக்கம் இறங்கி நிற்கும். சுருள் சூடாகச் சூடாக அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறித் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்வதால் வரும் இறக்கம் இது. மற்ற மூன்றும் இப்படி இறங்கும்போது ஒன்று மட்டும் ஆரம்பத்திலேயே 5 ஆம்பியர்தான் இழுக்கிறது என்றால் அதுதான் ஆள்.

கே: நான்கு பிளக்கையும் அளந்துவிட்டேன், நன்றாக இருக்கின்றன. ரிலேயும் 'டக்' என்று சத்தம் கொடுக்கிறது. பட்டைக்கு வரும் ஒயரைக் கழற்றி அளந்தால் 12 வோல்ட் வருகிறது. ஆனாலும் காலையில் அதே கதை.

ப: உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது: "கழற்றி அளந்தால்". ஒயரைக் கழற்றி அளக்கும்போது அதில் கரன்ட் ஓடுவதில்லை. கரன்ட் ஓடாதபோது கருகிப்போன ரிலே காண்டாக்ட் வழியாகவும், ஒரே ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒயர் வழியாகவும் 12 வோல்ட் முழுசாக வரும். நான்கு பிளக்கும் சேர்ந்து தொடக்கத்தில் 80 முதல் 100 ஆம்பியர் வரை இழுக்கும்போது பாருங்கள், அதே இடத்தில் 6 வோல்ட் நிற்கும்.

ஆகவே ஒயரை மாட்டிவிட்டு, ஒருவரைச் சாவி போடச் சொல்லி, ஹீட்டர் ஓடும்போது அளக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவ் கம்பத்தில், கறுப்பு முனை பிளக் பட்டையில். மீட்டர் காட்டுவதுதான் வழியில் தொலைந்துபோன வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பாதை நன்றாக இருக்கிறது. 1 வோல்ட்டைத் தாண்டினால் வழியில் ஒரு இடம் வோல்ட்டைத் தின்கிறது. கறுப்பு முனையை ஒவ்வொரு இடமாகப் பின்னுக்கு நகர்த்துங்கள்: ரிலேயின் வெளியே போகும் திருகு, உள்ளே வரும் திருகு, ஃபியூஸின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். எந்த இடத்தைத் தாண்டும்போது எண் சட்டென்று குறைகிறதோ அங்கேதான் கோளாறு.

எர்த் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். பேட்டரி நெகட்டிவ் கம்பத்துக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே ஹீட்டர் ஓடும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் ஒயரைக் கழற்றி, இரண்டு முனைகளையும் பளபளவென்று தேய்த்து முடுக்குங்கள்.

சந்தேகப்பட வேண்டிய இடங்களில் எனக்கு முதலில் கை போவது அந்தப் பெரிய ஃபியூஸ். பல வண்டிகளில் அது ரிலே பெட்டியிலேயே இரண்டு திருகுகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய தகடு. பார்த்தால் முழுசாக இருப்பது போலவே தெரியும், திருகைத் தளர்த்தி லேசாக வளைத்தால்தான் குறுக்கே மயிரிழை விரிசல் விரியும். அப்புறம் பிளக்கின் தலையில் இருக்கும் சின்ன நட். அதைக் கழற்றிப் பட்டையைத் தூக்கினால் அடியில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினாலே பாதி வண்டிகள் சரியாகிவிடுகின்றன.

ரிலேயின் 'டக்' சத்தம் காந்தச்சுருள் வேலை செய்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கிறதா என்று வோல்ட் இழப்புத்தான் சொல்லும்.

சத்தமே வராதவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரிலேயில் இரண்டு மெல்லிய ஒயர்கள் இருக்கும், பெரும்பாலும் 85, 86 என்று எண் போட்டிருப்பார்கள். சாவி போட்டதும் ஒன்றில் 12 வோல்ட்டும் இன்னொன்றில் எர்த்தும் கிடைக்க வேண்டும். இரண்டும் கிடைத்தும் ரிலே அசையாவிட்டால் ரிலேயை மாற்றுங்கள். கிடைக்கவில்லை என்றால் பிரச்சினை டைமரிலோ இசியுவிலோ கூலன்ட் வெப்பநிலை சென்சாரிலோ. சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் இன்ஜின் கொதிக்கிறது என்று இசியு நம்பி ஹீட்டருக்குக் கட்டளையே கொடுக்காது. இதைச் சோதிக்கும்போது இன்ஜின் உண்மையிலேயே குளிர்ந்திருக்க வேண்டும். மத்தியானம் சூடான இன்ஜினில் பார்த்துவிட்டு "ரிலே வேலை செய்யவில்லை" என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. சூடான இன்ஜினில் அது வேலை செய்யாமல் இருப்பதுதான் சரி.

கே: புதிதாக ஒரு செட் பிளக் போட்டேன். சில வாரங்களிலேயே மூன்று போய்விட்டன. மட்டமான சரக்கா?

ப: சரக்கும் மட்டமாக இருக்கலாம், ஆனால் ஒரே சமயத்தில் மூன்று போனால் முதலில் ரிலேயைப் பாருங்கள். காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டால் சாவியை எடுத்த பிறகும் பிளக்குக்குக் கரன்ட் போய்க்கொண்டே இருக்கும். சாவியை எடுத்துவிட்டு, இசியு தூங்குவதற்குச் சில நிமிடம் கொடுத்து, பட்டையில் வோல்ட் அளங்கள். பூஜ்யம்தான் வர வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக பேட்டரி இறங்கும் தொந்தரவும் உங்களுக்கு இருந்தால் அநேகமாக இதுதான்.

அடுத்தது வோல்ட். எல்லா ஹீட்டர் பிளக்கும் 12 வோல்ட் பிளக் இல்லை. புதிய வண்டிகளில் 4.4, 5, 7 வோல்ட் பிளக்குகள் இருக்கின்றன. அவற்றுக்கு ரிலேக்குப் பதில் ஒரு எலக்ட்ரானிக் கன்ட்ரோலர் இருந்து, கரன்ட்டை வினாடிக்குப் பல தடவை வெட்டி வெட்டி அனுப்பும். அவை இரண்டே வினாடிகளில் பழுக்கின்றன. இந்த மாதிரிப் பிளக்கை நேரடியாக பேட்டரியில் தொட்டுச் சோதித்தால் அங்கேயே கருகிவிடும். மேலே 12 வோல்ட் பிளக்குக்கு மட்டும் என்று சொன்னது இதற்காகத்தான். பிளக்கின் உடம்பில் வோல்ட் பொறித்திருப்பார்கள், வாங்கும்போதும் சோதிக்கும்போதும் அதைப் படியுங்கள்.

கழற்றிய பழைய பிளக்கைத் தூக்கி எறியாதீர்கள், காரணத்தை அதன் நுனியே சொல்லும். நுனி வீங்கி, கொப்பளம் கொப்பளமாக இருந்தால் அளவுக்கு மீறிய வோல்ட் அல்லது அளவுக்கு மீறிய நேரம்; ரிலே, தவறான பிளக், 15 வோல்ட்டைத் தாண்டி சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் ஆகியவற்றைப் பாருங்கள். நுனி ஒரு பக்கமாக உருகி அரிக்கப்பட்டிருந்தால் அந்தச் சிலிண்டரில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் சொட்டுகிறது அல்லது பீய்ச்சும் நேரம் (டைமிங்) முன்னால் போயிருக்கிறது. இந்த இரண்டாவது வகையில் எத்தனை நல்ல பிளக் போட்டாலும் போய்க்கொண்டேதான் இருக்கும், இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுங்கள். வீங்கிய நுனியை இழுக்கும்போது முறிந்து சிலிண்டருக்குள் விழுந்தால் பிஸ்டனுக்கே ஆபத்து, அதையும் மனதில் வையுங்கள்.

கே: ஸ்கேனரில் பி0671 என்ற கோளாறு எண் (கோடு) வருகிறது. ஒன்றாம் சிலிண்டர் பிளக்கை மாற்றிவிட்டேன், கோடு அழித்தாலும் மறுபடி வருகிறது.

ப: பி0671 முதல் பி0678 வரை முறையே ஒன்றாம் சிலிண்டர் முதல் எட்டாம் சிலிண்டர் வரையிலான பிளக் சர்க்யூட்டைக் குறிக்கும். "சர்க்யூட்" என்பதில் பிளக்கோடு அதன் ஒயரும் கனெக்டரும் கன்ட்ரோலரும் சேர்த்தி.

முதலில் ஒரு கேள்வி: ஒன்றாம் சிலிண்டர் எந்தப் பக்கம் என்று உறுதியாகத் தெரியுமா? பெரும்பாலான இன்ஜின்களில் டைமிங் பெல்ட் பக்கம்தான் ஒன்று, ஆனால் சில தயாரிப்பாளர்கள் ஃப்ளைவீல் பக்கத்திலிருந்து எண்ணுகிறார்கள். நீங்கள் நாலாவது பிளக்கை மாற்றிவிட்டு ஒன்றாவதைத் தேடிக்கொண்டிருக்கலாம். சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிடுங்கள்.

எண் சரிதான் என்றால், ஒயர் எட்டுமானால், ஒன்றாம் இரண்டாம் பிளக்குகளின் ஒயரை மாற்றி மாட்டிக் கோடை அழித்துவிட்டு மறுநாள் காலை பாருங்கள். கோடு பி0672 ஆக மாறினால் பிளக்கே கோளாறு, புதியதானாலும் சரி. பி0671 ஆகவே நின்றால் ஒயர் அல்லது கன்ட்ரோலர். ஒயர் என்றால் பெரும்பாலும் பிளக்கில் செருகும் அந்தச் சின்னத் தொப்பிக்குள் பிடி தளர்ந்திருக்கும், அல்லது சூட்டில் இன்சுலேஷன் வெடித்து இன்ஜினில் உரசும். கன்ட்ரோலர் வெட்டி வெட்டித்தான் கரன்ட் அனுப்பும் என்பதால் மல்டிமீட்டரில் 5, 6 வோல்ட் காட்டினால் பயப்பட வேண்டாம், அது சராசரிதான். பி0670 சேர்ந்து வந்தால் கன்ட்ரோலர் பக்கம் சந்தேகம் அதிகமாகும், ஆனாலும் அதற்கு வரும் மெயின் சப்ளையையும் எர்த்தையும் பார்க்காமல் அதை வாங்கிவிடாதீர்கள், இந்தப் பட்டியலிலேயே விலை கூடியது அதுதான்.

கே: பிளக்கைக் கழற்றப் போனால் அசையவே இல்லை. முறிந்துவிடுமோ என்று விட்டுவிட்டேன்.

ப: விட்டது நல்லது. முறிந்தால் சில சமயம் ஹெட்டையே கழற்ற வேண்டி வரும், ஆகவே இதில் அவசரம் கூடாது. முதல் நாளே பிளக்கின் அடியில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள், ஓரிரு தடவை மறுபடியும் விடுங்கள். மறுநாள் வண்டியை நன்றாக ஓட்டி இன்ஜின் சூடாக இருக்கும்போது முயலுங்கள். டார்க் ரெஞ்ச் (திருகும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கட்டாயம். 8 மில்லிமீட்டர் மரை உள்ள பிளக்குக்கு 20 நியூட்டன் மீட்டர், 10 மில்லிமீட்டருக்கு 35, இதற்கு மேல் போகாதீர்கள். அதற்குள் அசையாவிட்டால் திரும்ப எண்ணெய், திரும்பச் சூடு. இம்பேக்ட் கன் பக்கமே போக வேண்டாம். கால் சுற்று அசைந்தால் உடனே இழுத்துவிடாமல் கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று முன்னும் பின்னுமாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஸ்பேனர் திரும்புகிறது, ஆனால் ஈரமண் போலக் கொழகொழவென்று பிடி கொடுக்கிறது என்று கைக்குப் பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள், உலோகம் முறுக்கிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. அதற்கு மேல் அந்த வேலைக்கென்றே கருவி வைத்திருப்பவரிடம் போவதுதான் புத்திசாலித்தனம்.

வெளியே எடுத்த பிறகு ஓட்டையில் கார்பன் படிந்திருக்கும். அதை ரீமரில் (ஓட்டையைச் சுரண்டும் கருவி) கிரீஸ் தடவிச் சுத்தம் செய்யாமல் புதிய பிளக்கை இறக்கினால் அடுத்த முறை இதைவிட மோசமாகச் சிக்கும். போடும்போது கையால் முழுக்கத் திருகி, கடைசியில் மட்டும் டார்க் ரெஞ்ச். 8 மில்லிமீட்டருக்கு 10, 10 மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன் மீட்டர் அளவில்தான் பொதுவாக இருக்கும், உங்கள் வண்டியின் மேனுவல் வேறு சொன்னால் அதையே பின்பற்றுங்கள். செராமிக் பிளக் என்றால் கீழே விழுந்த ஒன்றைப் போடவே வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்திருந்தால் உள்ளே போய் உடையும்.

கே: டைமர் கெட்டுவிட்டது, புதியது கிடைக்கவில்லை. ஒரு புஷ் பட்டன் வைத்து நேரடியாகக் கொடுக்கலாமா? அதுவரை ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்துச் சமாளிக்கலாமா?

ப: பட்டன், 12 வோல்ட் பிளக் உள்ள பழைய வண்டியில் செய்யலாம். பட்டன் ஒரு ரிலேயின் சுருளை மட்டுமே இயக்க வேண்டும், பிளக்கின் கரன்ட் அதன் வழியாகப் போகக் கூடாது. ரிலே 100 ஆம்பியர் தாங்குவதாக இருக்கட்டும், ஒயர் 10 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல், பேட்டரி முனையிலேயே ஃபியூஸ். அழுத்தினால் மட்டும் வேலை செய்து விட்டால் நிற்கிற பட்டன்தான் வேண்டும், ஆன் ஆஃப் ஸ்விட்ச் வைத்தால் என்றைக்காவது ஒருநாள் அணைக்க மறந்து செட்டையே எரித்துவிடுவீர்கள். எத்தனை வினாடி அழுத்துவது என்பது பிளக்கைப் பொறுத்தது, வேகமாகப் பழுக்கும் வகைக்கு 5 முதல் 10 வினாடியே போதும்.

ஸ்ப்ரே கூடவே கூடாது. அதில் இருப்பது சட்டென்று பற்றும் ஈதர், ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அதை அடிப்பது ஆபத்து. பழுத்த நுனியில் பட்டதும் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே அது வெடித்துப் பற்றும், பிஸ்டனும் ரிங்கும் உடையலாம், காற்று உள்ளே போகும் வழியில் (இன்டேக்கில்) தீ திரும்பி வந்தால் முன்னால் குனிந்து நிற்கும் உங்கள் முகத்துக்கும் சேதம்.

கே: பிளக், ரிலே, ஃபியூஸ், ஒயர் எல்லாம் சரி. பட்டையில் வோல்ட்டும் சரி. இன்னும் எழவில்லை.

ப: அப்படியென்றால் சர்க்யூட்டை விட்டு வெளியே வாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஒருவரை சைலன்சர் அருகே நிறுத்திப் புகை வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போய்ச் சேரவில்லை. ராத்திரியில் லைனில் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே இறங்கிவிடுவது பழைய வண்டிகளில் சகஜம், ஃபில்டர் மூடி, கை பம்ப், ரிட்டர்ன் குழாய்களில் பாருங்கள்.

புகை வந்தும் எழவில்லை என்றால் டீசல் இருக்கிறது, சூடு போதவில்லை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் வோல்ட் அளங்கள். 9.6க்குக் கீழே போனால் பேட்டரியையும் அதன் டெர்மினல்களையும் முதலில் கவனியுங்கள். வோல்ட் விழுந்தால் இன்ஜின் மெதுவாகச் சுற்றி அழுத்தச்சூடு குறைவது ஒரு பக்கம், பிளக்கின் சூடும் அதோடு விழுவது இன்னொரு பக்கம்: 12 வோல்ட்டுக்குப் பதில் 9 வோல்ட் கிடைத்தால் பிளக்கின் சக்தி கால்வாசி குறைவதில்லை, ஏறக்குறைய பாதியாகிவிடும். பேட்டரியும் நன்றாக இருந்தால் மிச்சம் இருப்பது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவுதான், அதை கேஜ் வைத்து அளந்துவிடுங்கள்.

கே: ஓடிக்கொண்டிருக்கும்போது ஹீட்டர் விளக்கு மினுக்குகிறது. பிளக் போய்விட்டதா?

ப: பெரும்பாலும் இல்லை. சில தயாரிப்பாளர்கள் சுருள் படம் போட்ட அந்த ஹீட்டர் விளக்கையே இன்ஜின் கோளாறு எச்சரிக்கையாகவும் பயன்படுத்துகிறார்கள். பிரேக் லைட் ஸ்விட்ச் கெட்டாலும் மினுக்கும் வண்டிகள் உண்டு. ஸ்கேனரில் கோடைப் படியுங்கள், பிரேக் மிதித்துப் பின்விளக்கு எரிகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.